கை ஒன்றுக்குப் பதினைந்து

சவரிராயன் விலை சொன்னான்:
முகம் எண்பது வெள்ளி,
கை ஒன்றுக்குப் பதினைந்து,
நாய் வேண்டுமென்றால் பத்து,
திரைச்சீலை சும்மா.

தொரை யோசித்தார்.
கித்தா விலை விழுந்திருந்த வருஷம்.
ஒரு கை போதும், மற்றது
கோட்டுப் பையில் இருக்கட்டும் என்றார்.

கடுதாசியில் ஸ்டிராத்மூர்,
எங்கள் வாயில் கல்லுமலை.
சுங்காய் டவுனிலிருந்து ஏழு கல்லும்
சைக்கிளில் மிதித்து வந்து
கித்தாக் காட்டு நடுவில்
கித்தானை விரித்தான் அந்த மனுஷன்.

தொரைக்கு உட்கார நேரமில்லை.
பெரட்டு முடிந்து அரைமணி, இரண்டு காலை,
முகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.
உடம்புக்கு ஆள் வேண்டும் என்றான்.
கிராணி வரிசையை மேலும் கீழும் பார்த்து
"முத்திருளா, நீ போ" என்றார்.

ஒன்பது நாள்
தொரையின் கோட்டுக்குள் நின்றேன்.
கறுப்புக் கம்பளி. கக்கத்தில் அவர் வேர்வை காய்ந்திருந்தது,
அதன்மேல் என்னுடையது.
பின்னால் தொங்கிய சிவப்புத் துணி
மாரியம்மன் தேரில் கட்டுகிற தொம்பை,
பூசாரிக்கு ஒரு போத்தல் கொடுத்து வாங்கியது.
படத்தில் அது பட்டு.

வரைந்துகொண்டே பேசுவான்.
"அந்தக் காலத்து வெள்ளைக்கார ராஜாக்களும் இப்படித்தான்.
மூஞ்சியைக் காட்டிட்டு வேட்டைக்குப் போயிடுவான்.
மார்புக்கும் தொடைக்கும் குதிரை லாயத்துக்காரன் நிப்பான்.
அவன் லாயம், நீ லயம்.
அசையாதே."

அசையாமல் நிற்பதும்
இடுப்பு ஒடிகிற வேலை.
ஒரு கொசு கன்னத்தில் இறங்கி
நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.

தொரையின் இரட்டைத் தாடை ஒன்றானது.
மூக்குச் சிவப்பு ஜன்னல் வெளிச்சமானது.
இது பொய்தானே என்றேன்.
"எண்பது வெள்ளிக்கு இவ்வளவுதான் உண்மை."

கைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.
இரண்டு முழு நாள், அந்த ஒரு கை.
வெள்ளை குழைத்தான், துளி சிவப்பு,
நகத்தடியில் சாம்பல்.
பெருவிரல் அடியில் எனக்கொரு தழும்பு,
உளி வழுக்கி விழுந்தது, பிறை மாதிரி.
அதை விட்டுவிடுவான் என்று இருந்தேன்.
விடவில்லை.

அம்மணி கிட்டே வந்து குனிந்தாள்.
"இது என்ன?"
"மோதிரத்தோட நிழல், மேடம்."
மோதிரமும் அவன் சேர்த்ததுதான்.

படம் கிளப்பில் ஏறியது.
விளக்குத் துடைக்கிற அயூப் சொன்னான்,
குடித்த தொரைமார் அதற்கு சலாம் வைக்கிறார்களாம்.
பாதி எனக்கு.

செக்ரோலில் ஒன்பது நாளும் முட்டை.
கிராணியிடம் கேட்டேன்.
"வெட்டினா ஒரு கணக்கு, புல்லு புடுங்கினா ஒரு கணக்கு.
நின்னதுக்கு எதுலப்பா பேர் போடறது?"
சவரிராயனுக்கும் பதினைந்து வெள்ளி வரவில்லை.
கை என்னுடையது மாதிரி இல்லையே
என்றாராம் தொரை.
அந்த ஒரு விஷயத்தில் நல்ல கண் அவருக்கு.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
சுங்காயில் ஆ லோக் பழைய சாமான் கடை வாசலில்,
உடைந்த தையல் மிஷினுக்கும் இரண்டு மங்கு மூட்டைக்கும் நடுவே
படம் சாய்ந்து நின்றது.
பிரேம் தேக்கு, விலை அதற்குத்தான்.
முகத்தில் பூசணம் ஏறி
யாரென்று தெரியவில்லை.
கை தெளிவாக இருந்தது.
பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன்.
ஆ லோக் கணக்குப் பொத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

பைக்குள் இருந்த கையை
எவனும் வரையவில்லை, எவனும் கேட்கவுமில்லை.
தினம் காலையில் கொஞ்சம் ஒட்டுப்பால்
மடியில் கொண்டுவருவேன்.
தொரையின் பைக்குள் விரல்களால்
சுற்றிச் சுற்றி உருட்டுவேன், முகம் அசையாமல்.
ஒன்பதாம் நாள் எலுமிச்சை அளவு.

லயத்துக்கு வந்து மகள் முன்னால்
ஒரு தரம் தரையில் அடித்தேன்.
தகரக் கூரையில் போய் இடித்தது.