ஆயிரத்து மூன்று

கடவுச்சொல் சரி என்கிறது.
உள்ளே வரச் சொல்கிறது.
வந்தபிறகு
அறைக்கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது.

“பேரு தெரியுது தம்பி,
தட்டுனா உள்ள போவ மாட்டேங்குது.”
ஈப்போவிலிருந்து மைமூன் லாத்தா.
அங்கே மணி ஒன்றே முக்கால்.
காலை ஒன்பதுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில்
அவருடைய பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டு சர்வர்
கூத்தாநல்லூரில், மாடிப்படிக்குக் கீழே,
அரிசி டிரம்முக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில்.
பள்ளிக்கூடம் ஏலத்தில் விட்ட கம்ப்யூட்டர்,
இரண்டு டிஸ்க், ஒரு காற்றாடி.
உள்ளே ஒரு கரப்பான் குடியிருக்கிறது.
அதற்கு மட்டும் எல்லா இடத்துக்கும் அனுமதி.

முதலில் வழக்கமானவை.
பெரிய எழுத்து விழுந்திருக்கா பாருங்க.
பழைய கடவுச்சொல்லை லேப்டாப் ஞாபகம் வச்சிருக்கும்,
மறக்கச் சொல்லுங்க.
மூடித் திறங்க.
பக்கத்தில் ‘கல்யாண வீடியோ’ இருக்குல்ல, அதைத் தட்டுங்க.
திறந்தது.
‘பத்திரங்கள்’ மட்டும் இல்லை.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை.
ஆற்றைக் குற்றம் சொல்ல முடியாது, வயலையும்.
நடுவில் எங்கோ ஒரு மதகில்
பலகை இறங்கியிருக்கிறது.

‘குடும்பம்’ குழுவில் லாத்தா இருக்கிறார்.
என் பெயரில் நுழைந்து பார்த்தேன்.
எனக்கும் மறுப்பு.
திருகாணி திருகாணியாக இதைப் பூட்டியவன் நான்.

அப்புறம்தான் விவரப் பட்டியலை இழுத்தேன்.
உரிமையாளர் என்ற இடத்தில்
பெயர் இல்லை.
1003.
வரிக்கு வரி 1003.
அறுநூற்று நாற்பது கோப்பு.

பெயரை அழித்தால் எண் மிஞ்சும்.
1001 நான். 1002 லாத்தா.

கடைத்தெருக் கடையைப் பிரித்த அன்று
பேச்சு முற்றி, நெய்னா காக்கா
சாவியை மேஜையில் எறிந்துவிட்டு இறங்கிப் போன சாயங்காலம்,
இதே படிக்குக் கீழே குந்தியிருந்து
அவரை நீக்கினேன்.
‘கோப்புகளையும் நீக்கவா?’ என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.
பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளலாம்.
அதில் என் பங்குப் பத்திரமும் இருந்தது.

ஸ்கேன் செய்தது முழுக்க அவர்தான்.
இரண்டு மாதம், தினமும் லுஹருக்குப் பிறகு,
சுருங்கிய முத்திரைத்தாளை
துணி போட்டு அயர்ன்பாக்ஸால் நீவி,
தேதிவாரியாகப் பெயரிட்டு,
யாரும் கைதவறி அழித்துவிடக் கூடாதென்று
தனக்கு மட்டும் பூட்டி.
அவர் எங்களுக்கும் திறந்து வைத்திருப்பதாகவே
நினைத்திருந்தோம். யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

ரூட்டாக நுழைந்தால் ஒரே வரி.
அறுநூற்று நாற்பதும் என் பெயருக்கு வந்துவிடும்.
விசாரணை இல்லை, ஆட்சேபணை மனு இல்லை,
எந்தத் தாலுகா ஆபீஸிலும் நடக்காத வேகத்தில்
பட்டா மாற்றம்.
அடித்தேன்.
என்டரைத் தட்டவில்லை.
காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
லாத்தா லைனில் கொட்டாவி விட்டார்.

பின்னோக்கி அழித்தேன்.
புதிய பயனர்: நெய்னா.
எண்ணை நீ கொடுக்காதே, நான் சொல்கிறேன்:
1003.

மறுபடி பட்டியலை இழுத்தபோது
எல்லா வரியிலும் அவர் நின்றார்.
ஒரு கோப்பையும் நான் தொடவில்லை.

குடும்பத்துக்குப் படிக்க மட்டும் அனுமதி.
“வந்துருச்சு” என்றார் லாத்தா.
கொஞ்சம் பொறுத்து,
“காக்காட்ட சொல்லிட்டியா?”

தற்காலிகமாக ஒரு கடவுச்சொல் வைத்தேன்.
முதல்முறை நுழைந்ததும் மாற்றியாக வேண்டும்.
அவர் எண்ணுக்கு அதை மட்டும் அனுப்பினேன்.
சலாம் எழுதி அழித்து
மறுபடி எழுதி
அதையும் அழித்துவிட்டு.

விடிந்ததும் வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன்.
காய்ந்துதான் கிடந்தது.
வந்து பதிவேட்டைத் திறந்தேன்.

5:12 நெய்னா, தவறு.
5:12 நெய்னா, தவறு.
5:14 நெய்னா, நுழைந்தார்.
5:15 கடவுச்சொல் மாற்றப்பட்டது.

என்னவாக என்று எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள வழியும் இல்லை,
ரூட்டுக்கும்.