கலங்கும் புள்ளி

திரியெஸ்தேயில் போரா வீசும் இரவு.
கடலுக்கு இறங்கும் தெருவில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
மூன்றாம் மாடியில் நெரீனா
க்யூவெட்டின் இரு முகத்தையும் துடைத்து
ஒளியின் வழியில் நிறுத்துகிறாள்.

உப்பைக் குறைத்ததும்
இருப்பதே தெரியாமல் இருந்த கரைசல்
பால் சிந்தினாற்போல் வெளுக்கிறது.
கலங்கல், பூச்சியம் புள்ளி நான்கு.
லென்ஸுக்குக் கீழே
தோலில்லாத இரண்டு துளிகள் தொட்டுக்கொள்கின்றன,
இடுப்பு சிறுத்த நிலக்கடலையாகி
பிறகு ஒரே உருண்டை.
எத்தனை நொடி? இரண்டரை.
அதையும் எழுதுகிறாள்.
மதியம் தின்ற யோத்தாவின்மேல் எண்ணெய்க் கண்கள்
கரண்டி பட்டதும் இப்படித்தான்
ஒன்றையொன்று விழுங்கின.

இருபது நிமிடத்தில் எண் இறங்குகிறது.
புள்ளி மூன்று. புள்ளி ஒன்று.
"தெளிந்துவிட்டது" என்று எழுதி
பேனாவை மூடப்போனவள்
க்யூவெட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தாள்.
அடியில், நகக்கண் அகலத்துக்கு
ஒரு வெள்ளைப் படிவு.

கரையவில்லை. உட்கார்ந்துவிட்டது.
ஒளி போகும் பாதையைவிட்டு இறங்கியதைக்
கருவி தெளிவு என்று படித்திருக்கிறது.
எழுதியதை ஒரே கோட்டால் அடித்தாள்,
அடியில் இருப்பது தெரியும்படி.

சரி, கலக்கத்தை விட்டு மிச்சத்தை அளப்போம்.
மையவிலக்கில் சுழற்றி, துளியெல்லாம் கீழே போனபின்
மேலே நின்ற நீரை உறிஞ்சி எடுத்தாள்.
ஆறு மைக்ரோமோலார்.
புரதத்தை இரட்டித்து ஊற்றினாள். ஆறு.
மும்மடங்கு. ஆறு.
கொட்டியது எல்லாம் துளிக்குள் போகிறது.
மேல்நீர்
தன் பங்குக்கு மேல் ஒரு மூலக்கூறையும் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் ஸோர்கோ விட்டுப்போன நோட்டில்
இரண்டு என்று இருக்கிறது.
லுப்லியானாவிலிருந்து ஐந்து மாதமாகக் கடிதங்கள்,
முதலில் அன்புள்ள என்று தொடங்கியவை,
பிறகு எதுவுமே இல்லாமல் தொடங்கியவை.
உன் புரதம் பழசு.
உன் பிப்பெட் பொய் சொல்கிறது.
உனக்குப் பொறுமை கிடையாது, எப்போதுமே.
அவளும் சளைக்காமல் பதில் போட்டாள்.

இன்றைக்கும் அந்தப் பக்கம்தான். பிப்ரவரி ஒன்பது.
உப்பு, காரம், செறிவு, நேரம்,
எல்லாம் மணிமணியாக.
ஓரத்தில் பென்சிலால், தன்னோடு பேசிக்கொள்ளும் எழுத்தில்:
"காப்பி மறுபடி ஆறிப்போச்சு.
கையுறைமேல் கையுறை."

நூறு தடவை தாண்டிப்போன வரி.

போன குளிரில் கொதிகலன் நின்றுபோன மூன்று நாள்!

ஹீட்டரின் திருகை இறுக மூடினாள்.
ஜன்னலைத் திறந்ததும்
போரா உள்ளே வந்து மேசையை வாசித்தது,
மூன்று வருடத் தாள்களையும் ஒரே மூச்சில்.
கோட்டைப் போட்டு, பொத்தான்களை மாட்டி,
வெப்பமானியையே பார்த்தபடி நின்றாள்.
இருபத்துநாலு, பத்தொன்பது, பதினாறு.
பதினான்கில் சுழற்றினாள்.
விரல் மரத்ததில் ஒரு குழாய் தவறி உருண்டது.
அடுத்த குழாயில்
இரண்டு. கொஞ்சம் கூட: இரண்டு புள்ளி ஒன்று.

அங்கே மணி இரண்டு. எடுத்துவிட்டான்.
பின்னால் ஒரு குழந்தை அழுதது.
"அன்னைக்கு எத்தனை டிகிரி, ஸோர்கோ?"
"நோட்டில் எழுதியிருப்பேனே."
"எழுதியிருக்கே. காப்பின்னு."
கம்பியில் காற்று மட்டும் கேட்டது.
சிரிப்பான் என்று நினைத்தாள்.
"ஜன்னலை மூடு, பைத்தியம்" என்றான்,
"இங்கே வரைக்கும் கேட்குது."

மூடினாள்.
நான்கு மைக்ரோமோலார் மட்டும் ஊற்றிய குழாய்
குளிரில் வெளுத்துக் கிடந்தது.
அதை எடுத்துக் கைக்குள் பொத்தினாள்,
மரத்த விரல்களிலும்
எங்கோ கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது.
ஓரத்திலிருந்து தொடங்கி
வெள்ளை மெல்ல விலகியது,
ஜன்னல் கம்பிகள் அதன் வழியே தெரிந்தன.

இந்த முறை
முதலில் அடியைச் சாய்த்துப் பார்த்தாள்.