இருவால் சோதனை

தை இரண்டாம் திகதி,
இந்த வருடத்துப் பிள்ளை ஒன்றும் பிறக்கும் முன்
கொப்பியில் எழுதியது:
"முத்தையன்கட்டு இடதுகரையில் பிறப்பு நிறை
குடித்தொகை இடையிலிருந்து வேறுபடுகிறதா?"
வேறுபடுகிறதா.
குறைகிறதா என்று ஏன் எழுதாமல் விட்டேன்?
அந்தச் சொல்லைத்தான் இன்றிரவு
பென்சில் நுனியால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி முடிய ஒன்பது அட்டைகள்.
இரண்டு தசம் இரண்டு, பிரசாந்தினியின் மகள்.
மாங்குளத்திலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கியபோது
துவாய்க்குள் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.
மூன்று தசம் இரண்டு, கெங்காவின் பொடியன்.
அந்தப் பெருமைக்குத் தகப்பன்
எனக்கொரு குளத்து விரால் தந்தான்.
மற்ற ஏழும் நடுவில் நெருங்கிக் கிடக்கின்றன.

கூட்டி ஒன்பதால் பிரிக்க இரண்டு தசம் ஏழு.
மேலிடத்துத் தாளில் இரண்டு தசம் ஒன்பது.
இடைவெளி இருநூறு கிராம்,
ஐந்து ஊர்க்கோழி முட்டை.

குடித்தொகையின் விலகலைத் தாள் சொல்லவில்லை.
இங்கே எத்தனை பேர் இருந்தோம் என்பதிலேயே
ஒரு காலம் கணக்கு ஒத்துவரவில்லை,
விலகலை யாரிடம் கேட்பது?
அதனால்தான் ரி சோதனை:
தெரியாததைக் கையிலுள்ள ஒன்பதிடமே
கடன் வாங்குவது.
நியம விலகல் பூச்சியம் தசம் மூன்று.
ஒன்பதின் மூலம் மூன்று.
ரி, மறை இரண்டு.
சுயாதீனப் பாகை எட்டு.
(பயிற்சி வகுப்பில் ஒருத்தி அதை
விடுதலைப் பாகை என்று வாசித்துவிட்டாள்.
காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.)

அட்டவணையில், இருவால் என்றால்
இரண்டு தசம் மூன்று. எட்டவில்லை.
ஒருவால் என்றால் ஒன்று தசம் எட்டு ஆறு.
தாண்டியாயிற்று.

சுகிர்தன் சேர் போனில் சொன்னார்:
"ஒரு வாலை வெட்டிவிடும் பிள்ளை.
குறைவெண்டு கண்ணுக்குத் தெரியுதுதானே.
அப்பதான் திரிபோஷா கூட்டித் தருவினம்."
கெட்ட மனிதர் இல்லை.
அவர் கண்ணும் என் கண்தான்.
ஆனாலும் எண்ணைப் பார்த்தபின் திருத்திய கேள்வி
விடையின் அளவுக்குத் தைத்த சட்டை.

எழுதினேன்: சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை.
உண்மை என்று எழுதவில்லை.
துவாய்க்குள் தேடிய கைக்கு
அட்டவணையில் நிரல் இல்லை.

ஆடிக்குள் இன்னும் ஏழு பிறக்கும்.
பதினாறின் மூலம் நான்கு.
இதே இடை, இதே விலகல் நின்றால்
இருவாலிலும் தாண்டும், பெட்டிகள் வரும்.
நிற்பதென்றால்
அந்த ஏழும் இப்படியே சிறுத்துப் பிறக்க வேண்டும்.

பென்சிலை வைத்துவிட்டேன்.
தராசைப் பார்த்தேன். வெறுந்தட்டில் சரியாகப் பூச்சியம்.

விடிய கெங்காவின் புருசனிடம் போகவேண்டும்.
விரால் இன்னும் படுகுதா,
கிழமைக்கு ஏழு வீட்டுக்குத் தருவானா,
காசு நான் தருகிறேன்.
மாதிரி கெட்டுப்போகும்.
கெடட்டும்.