பாதையில் பதினேழு வீதம்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதக்கும்.
குருமண்வெளித் துறையில் அதை அவிழ்த்தபோது
என் ஸ்கூட்டரின் திரையில் பதினேழு வீதம்.
கூடையில் தராசு, தடுப்பூசிப் பெட்டி.
மண்டூரில் இரண்டு வீடு, வெல்லாவெளியில் ஒன்று.

கிருபைராசா சேர் கம்பியில் சாய்ந்து நின்றார்,
தொழில்நுட்பக் கல்லூரி, மோட்டார்ப் பிரிவு.
"பற்றரியெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், மிஸ்ஸி.
வரப்போறது ஐதரசன்.
அஞ்சு நிமிசத்தில நிரப்பலாம்,
புகைக்குப் பதிலாத் தண்ணி சொட்டும்."
வாவியை நோக்கிக் கையை வீசினார்,
அத்தனையும் தன் தாங்கிக்குள் இருப்பதுபோல.
நானும் எட்டிப் பார்த்தேன்.
ஆற்றுவாழை. ஒற்றைச் செருப்பு.

மருதமுனை நௌபீஸ் பழைய பற்றரிகளைப் பிரித்துப் பூட்டுகிறவர்,
நெல்லுக்கணக்கில்தான் எதையும் பேசுவார்:
"தண்ணியப் பிரிக்கக் கரண்ட். அமுக்கக் கரண்ட்.
கொண்டுவர லொறி.
மறுகா வண்டிக்குள்ள போய் திரும்பவும் கரண்டாகணும்.
மூணு அவணம் ஏத்தி ஒரு அவணம் இறக்குற கத, சேர்."

"அப்ப உங்கட பற்றரி செத்தா?"

நௌபீஸ் தண்ணீரைப் பார்த்தார்.
விடை எனக்குத் தெரியும்:
மூன்று மாதச் சம்பளம்.

வரிசையில் நின்ற வருசத்தில்
களுவாஞ்சிகுடி செட்டில் இரவு இரண்டு மணி,
கியூஆர் காகிதம் வியர்வையில் ஊறி,
பம்புக்கு முன்னால் இன்னும் நூற்றுப்பத்துப் பேர்.
மண்டூரில் ஒரு பிள்ளை எனக்காகக் காத்திருக்கவில்லை.
இப்போது அது என்னைக் கண்டால்
ஊசி ஊசி என்று கட்டிலுக்கடியில் ஓடும்.
அதன் பிறகுதான் காப்பை அடகு வைத்தேன்.
எது எதிர்காலம் என்று யாரும் கேட்கவில்லை.
வீட்டுச் சுவரில் மூன்று துளை இருந்தது,
அதில் செருகலாம், அவ்வளவுதான்.

கயல்வதனிக்கு எட்டு மாதம். கால் வீக்கம்.
"செருகுங்க மிஸ்ஸி,
பில்லு வந்தா மாமிதான் கட்டுவா."
மாமி குசினிக்குள் இருமினாள்.
முப்பத்தொன்றில் கரண்ட் போனது.
மின்விசிறி மெல்ல மெல்லத் தன் இறகுகளைக் காட்டியது.
வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தேன்:
நூற்று நாற்பத்திரண்டு.
அந்த இருட்டிலும் பிழையில்லாமல்
எங்கிருந்து ஏற்றிக்கொள்கிறது என்று
கயல்வதனியின் மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தால் தெரியும்.
இரும்புக் குளிசையை எண்ணிக் கொடுத்தேன்.

வெல்லாவெளி முடித்துக் கிறுகும்போது
ஆறு தாண்டிவிட்டது.
அந்த நேரத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை.
பழைய பெற்றோல் சைக்கிள் என்றால்
அரைக் கட்டை முன்னமே கத்திக்கொண்டு வரும்,
அது கேட்டு ஒதுங்கும்.
சத்தமே இல்லை அக்கா, என்றுதான்
கடைக்காரன் இதை விற்றான்.

வளைவில்
இருபது யார் தள்ளி
வீதியை மறைத்து நின்றது.

சாவியைத் திருப்பினேன். திரை அணைந்தது.
அப்படியொரு நேரத்தில் என்ன நினைப்பு வரும் என்று
நமக்குத் தெரியாது.
ஐதரசனும் சத்தமில்லாமல்தான் ஓடுமாம்,
சேரிடம் சொல்லவேண்டும், என்று நினைத்தேன்.

அது மென்றுகொண்டிருந்தது.
கிழிந்த சாக்கு ஒன்று காலடியில்.
யாரோ கடன்பட்டு விதைத்த அவணம்
பிரிக்காமல், அமுக்காமல், லொறி ஏறாமல்
நேராக வயிற்றுக்குள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
அது காதை ஒருமுறை அடித்துவிட்டு
வரம்பில் இறங்கிப் போனது,
அதுவும் சத்தமில்லாமல்.

கடைசிப் பாதை ஏழு மணிக்கு.
லைட் போடப் பயம்.
ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்,
தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் உருகிக் குலுங்க,
பாலம் வரைக்கும், பிறகு
பாலத்துக்கப்பாலும் கொஞ்சம்.
அந்தத் தூரத்துக்கு
எந்த வீதமும் குறையவில்லை.
முழங்கால்தான் இன்னும் வலிக்கிறது.