ஊதா மணி

பையில் நூறு மக்காச்சோள மணி.
தொண்ணூற்றொன்பது வெள்ளை, ஒன்று ஊதா.
மினிபஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்,
முட்டை கொண்டு போகிறவளைப் போல.

நூறாண்டு வெள்ளம் என்றால்
நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று அர்த்தமில்லை.
பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும்
விடைத்தாளில் அப்படியேதான் எழுதுகிறார்கள்.
இங்கே, தகரக் கூரைக் கூடத்தில்,
ஸ்பானிஷ் பாதி, கெச்சுவா பாதி:
ஒவ்வொரு எடுப்பும் ஒரு வருடம்.
எடுங்கள், பாருங்கள், திரும்பப் போட்டுக் குலுக்குங்கள்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.
அனக்லேத்தோ எடுத்தது ஊதா.
சிரித்தார்கள். போட்டுக் குலுக்கினான்.
அடுத்து அவன் மைத்துனி விரல் விட்டாள்.
மறுபடி ஊதா.
சிரிப்பு பாதியில் நின்றது.
இதைத்தானே சொல்ல வந்தேன் என்று
உள்ளுக்குள் துள்ளினேன்.
அந்தத் துள்ளலை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மேலே, நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில், ஏரி.
அதன் தலைக்குமேல் பனி,
ஆடுகிற பல்.
காவல் குடிசையிலிருந்து இரண்டு மணிக்கொருமுறை
ரேடியோவில் நீர்மட்டம் சொல்கிறான் எலியாசர்.
கீழே கம்பத்தில் ஒரு சங்கு கட்டினோம்.
சோதனைக்கு ஊதிய அன்று
ஈன்ற பசுக்கள் பால் மறுத்தனவாம்.
கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள்.
யார் என்று நான் கேட்கவில்லை.
கோக்கா இலை மென்றபடி
அவரும் இந்தக் கூடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு.
ஆறிலும் சாவு நூறிலும் சாவென்று
யாரும் சொல்லவில்லை.
கரையை விட்டு மேட்டுக்குப் போனால்
குழாய்க்கு வரி எவ்வளவு என்று கேட்டார்கள்.
அதுவும் எனக்குத் தெரியவில்லை.

பின்வரிசையில் கிரிமால்தா,
கம்பளி நூற்றபடி, எழாமலே:
"எங்கப்பா காலத்துல அந்த ஏரி ஒரு குட்டை.
அப்பவும் ஒண்ணு, இப்பவும் ஒண்ணுதானா?"

என் கட்டுரையின் நான்காம் அட்டவணை
அவள் கேள்விதான்.
அடிக்குறிப்பு: தரவு போதாது.

விதைக்கூடையிலிருந்து
அவளே ஒரு பிடி ஊதா அள்ளி வந்தாள்.
ஒன்று போட்டாள், என்னைப் பார்த்தாள்.
இன்னொன்று. பார்த்தாள்.
மூன்று.
போதும் என்று எந்த இடத்தில் சொல்வது?

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
சுவரோரமாக ஒரு குரல்,
கம்பி எத்தனை மீட்டர் வேணும் என்றது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பையின் வாயைத்
திறந்தே பிடித்திருந்தேன்.