சிந்தாதது

எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரியாது,
சிந்தும் விதம் தெரியும்.
லக்சா மூடி விளிம்பில் கசியும்.
சூப் தூலாங் வேகத்தடையில் குலுங்கிப்
பைக்குள் குளமாகும்.
கறி மீக்கு ரப்பர் வளையம் இரண்டு,
அப்படியும் என் முதுகுப்பெட்டியில்
வெள்ளிக்கிழமை வாசம் ஞாயிறுவரை.

மாசெசோபா வந்த பிறகுதான்
கோலாலம்பூரின் பள்ளங்களை மன்னித்தேன்.
ஜப்பான்காரன் மீ. குழம்பே கிடையாது.
கிண்ணத்தைத் தலைகீழாய்ப் பிடித்தாலும்
(சிவப்பு விளக்கில் ஒருமுறை பிடித்திருக்கிறேன்)
சொட்டு விழாது.
மஞ்சள் கரு மட்டும் தனி டப்பா.
'உடைஞ்சா என் தலையத்தான் உருட்டுவாங்க'
என்பாள், ஸ்ரீ பெட்டாலிங் கடையில்
கட்டித் தரும் பியூலா.

நேற்று மழை.
பழைய கிள்ளான் சாலை, பதினான்காம் மாடி.
ரொக்க ஆர்டர், வாசலில் வைத்துவிட்டு வரமுடியாது.
குறிப்பு: மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்குகிறது.
அடிக்கவில்லை.
தட்டவும் இல்லை.
கதவோரம் ஒற்றைக் குட்டிச் செருப்பு,
மற்றதைக் கண்ணால் தேடியபடி
பன்னிரண்டு நிமிடம் நின்றேன்.
நாலு அழைப்பு. எடுக்கவில்லை.
ரத்து என்றது கைப்பேசி.
உணவை நீங்களே அப்புறப்படுத்தலாம்.
அப்புறப்படுத்துவது!
காலையிலிருந்து ஒரு மைலோவில் ஓடும் வயிற்றுக்கு
எத்தனை நாகரிகமான சொல்.

மேம்பாலத்தடியில் இருபது மோட்டார்கள்,
சொட்டும் மழைக்கோட்டுகள்.
ஃபைருஸ் விளக்கைப் பிடித்தான்.
ஹலால்தானே என்றான். மூடியின் முத்திரையைக் காட்டினேன்.
திறந்தால்
கொத்துக்கோழி, வெங்காயத்தாள், பூண்டு,
கருவாட்டை இடித்தது மாதிரி ஒரு பொடி,
ஆவியில் துவண்ட கடற்பாசித் தாள்.
சூப் எங்கே என்றான்.
அதுதான் விசேஷமே என்றேன்,
நானே கண்டுபிடித்தவன் போல.

பையின் மூலையில் ஒரு பொட்டலம்,
கைப்பிடி வெறுஞ்சோறு.
பசிக்கு முதலில் சோறுதானே.
ஆளுக்குப் பாதி, அப்படியே விழுங்கினோம்.

பிறகு கரு.
ஐந்து கிலோமீட்டர், ஆறு பள்ளம்,
ஒரு லாரி வாரியடித்த சேறு.
உடையாமல் வந்திருந்தது.
என் வேலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.
குத்துவதற்குக் கொஞ்சநேரம்
கை வரவில்லை.

குத்தினேன். கிளறினேன்.
அடியில் ஒளிந்திருந்த கறுப்புச் சாறு
ஏறி வந்து இழை இழையாய்ப் பற்றிக்கொண்டது.
வேகும்போதே மீயைக் கோலால் தேய்த்துச்
சிராய்ப்பு உண்டாக்குவார்களாம்,
சாறு பிடிக்க வேண்டுமே. பியூலா சொன்னது.
என் முழங்கால் சிராய்ப்பில்
இதுவரை தார்தான் பிடித்திருக்கிறது.

மழை விடுகிற நேரத்தில் மலாயில் ஒரு செய்தி.
'மன்னிக்கவும், பிள்ளையோடு நானும் தூங்கிவிட்டேன்.
சாப்பாடு உங்களிடமா? சாப்பிடுங்கள்.
சோற்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள்,
கிண்ணத்தில் மிஞ்சும் சாற்றில் போட்டுப் பிசைய.
எனக்கு அதற்காகத்தான் அந்த மீயே.'

கிண்ணத்தைப் பார்த்தேன்.
சாறு மிஞ்சியிருந்தது.

'நன்றி, அப்படியே செய்தோம்' என்று அனுப்பிவிட்டுக்
கையுறையைக் கழற்றி
ஆள்காட்டி விரலால் வழித்தேன்.
அந்தப் பக்கத்திலிருந்து
இன்னொரு விரலும் வந்தது.