எட்டால் வகுத்தால்

லோரோங் கெத்தாப்பாங் அரசாங்கச் சாலை இல்லை.
முனையில் பச்சைப் பலகை இருக்கிறது. அதன் கீழே
சின்னதாய் இன்னொன்று: தனியார் சாலை.
மழையிருட்டில் அதை யார் படிப்பார்?
என் முன்சக்கரம்தான் முதலில் படித்தது,
ஒன்பதாம் எண் வீட்டுக்கு எதிரே,
ஒரு பா குட் தே சூப்போடு.

குழி பெரிதொன்றும் இல்லை.
சோற்றுத் தட்டின் அகலம், கணுக்கால் ஆழம்.
மழை பெய்துவிட்டால் மட்டும்
சுற்றியிருக்கும் தாரோடு ஒரே மட்டமாய்
யோக்கியன் மாதிரி படுத்திருக்கும்.

சூப் பன்னிரண்டு வெள்ளி எண்பது காசு.
பை நனைந்திருந்ததற்கு ஒற்றை நட்சத்திரம்.
சக்கர வளையத்தை நிமிர்த்த ஆ செங்
அறுபத்தைந்து சொல்லி அறுபதுக்கு இறங்கினார்.
ரசீது கேட்டேன்.
யாரிடம் காட்டப்போகிறாய் என்றார்.

ஞாயிறு மாலை மூன்றாம் எண் கார் கொட்டகையில்
ஏழு வீட்டாரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.
நான் கொண்டுபோனது நாற்பது குச்சி சாத்தே.
எண்ணிப் பார்க்கும்வரை நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

எட்டாயிரத்து நானூறு, குத்தகைக்காரர் கேட்ட விலை.
முகப்பின் நீளத்துக்கு ஏற்ப என்றார் திரு குவெக்.
அவர் வீட்டு முகப்பு குறுகல்.
காரின் எண்ணிக்கைக்கு ஏற்ப என்றார் மடாம் ருக்காயா.
அவரிடம் கார் இல்லை.
எங்கள் கேட் அடுத்த தெருவில்தான் திறக்கிறது
என்றது மூலை வீடு.
ஒன்பதாம் எண் கிருபாகரன் வாய் திறக்கவில்லை.
வீட்டை இடித்துக் கட்டுகிறார்; ஆறு மாதமாய்
மணல் லோரி அவர் வாசலில்தான் திரும்புகிறது.
சாத்தே குச்சியைக் கடித்தபடி
குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சாலை வரி கட்டுகிறோமே என்றது ஒரு குரல்.
அது காருக்கு என்றது இன்னொன்று.
கடலைக் குழம்பு போதவில்லை என்றார்கள் என்னிடம்.

கடைசியில் பள்ளிக்கூடக் கணக்கு:
ஏழால் வகுத்து, வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு.
மூன்று தலைகள் ஆடின.
மற்றவை அடுத்த ஞாயிறு என்றன.

அடுத்த ஞாயிறு மழை.
அதற்கடுத்து பள்ளி விடுமுறை, ஜோகூர் போய்விட்டார்கள்.
குழி எங்கும் போகவில்லை.

புதன்கிழமை ஒன்பதாம் எண் வேலையிடத்திலிருந்து
ஒருவர் வாளியோடு வந்தார், மிச்சக் கலவை.
கொட்டி, பலகையால் இழுத்து,
பூட்ஸ் முனையால் ஓரம் தட்டினார்.
ஒரு சிகரெட் நேரம்கூட ஆகவில்லை.
அண்ணே, யாரு போடச் சொன்னாங்க?
யாரும் சொல்லல. நேத்து தள்ளுவண்டி சாஞ்சிருச்சு.
பேர் முடியரசன்.
யாரோ ரத்துசெய்த ஆர்டரின் பார்லித் தண்ணீர்
என் பையில் மிஞ்சியிருந்தது, கொடுத்தேன்.

மறுபடி கூட்டம் போட்டார்கள், பேச்சு மாறியிருந்தது.
அனுமதி இல்லாமல் பூசியது யார்?
கறுப்புச் சாலையில் சாம்பல் திட்டு, பார்க்க நன்றாயில்லை.
யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?
போன மாதம் ஒருவன் விழுந்தான்.
அப்போது இந்தக் கேள்வி பிறந்திருக்கவில்லை.

மூட்டைக் கணக்கில் அரை மூட்டை உதைத்ததாம்.
முடியரசன் சம்பளத்தில் எட்டு வெள்ளி பிடித்தார் மேற்பார்வையாளர்.
அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரவு, புளோக்குக்குக் கீழே ஆர்டருக்குக் காத்திருந்தபோது
கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தேன்.
எட்டால் வகுத்தால் ஆயிரத்து ஐம்பது,
மீதியே இல்லை.
ஒன்பதால் வகுத்தால்
தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றுக்குப் பிறகு
மூன்று மூன்று மூன்று என்று
திரை முடியும்வரை ஓடியது.

மணி அடித்தது. லோரோங் கெத்தாப்பாங், எண் மூன்று.
இந்தத் தடவை சின்னப் பலகையைப் படித்தேன்.
திட்டின் மேலேயே ஓட்டினேன், சூப் அசையவில்லை.
மூன்றடி தள்ளி
தார் மயிரிழையாய்
வெடிக்கத் தொடங்கியிருந்தது.